வன்னியில் சனி ஞாயிறு வெளியே போகும்போது நேரில் இருந்து படம் கீறப் பழகுவது எப்படி? இங்கே கீற என்ன இருக்கிறது?

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன், நண்பர்களோடு வெளியே போகும்போது கீறப் பார்க்கிறேன், ஆனால் எங்கே திரும்பினாலும் வயலும் பற்றையும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடமாக வன்னிக்குள் கொப்பியோடு திரிகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: காட்சி தேடி அலையாதீர்கள். வாகனம் எப்படியும் நிற்கிற இடத்தில் இறங்கிக் கீறுங்கள்.

முறிகண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியால் போகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவது குறைவு. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்துத் திரும்ப ஏறுவதற்குள் இருபது நிமிடம் போய்விடும். அந்த இருபது நிமிடம் உங்களுக்குத்தான். உங்களுக்காக யாரும் காத்து நிற்கவில்லை என்பதால் கையும் பதறாது.

நான் அங்கே முதலில் கீறியது கோயிலை. வரவில்லை. கோயில் சின்னது, முன்னால் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கச்சான் கடைப் பக்கம் திரும்பிய பிறகுதான் கோடு ஓடியது. முன்னால் குவியல், அதன் உச்சியில் குத்தி வைத்த, கச்சான் அளக்கிற சுண்டு. பின்னால் தாச்சியில் மணலோடு வறுபடும் கச்சான். கடைக்கார அம்மா அகப்பையால் கிளறும்போது வலது தோள் இறங்கும், இடது தோள் ஏறும். ஒவ்வொரு கிளறலுக்கும் அதே அசைவு திரும்பி வந்தது. மூன்று தரம் பார்த்துவிட்டு நான்காவது தரம் தோளையும் கையையும் ஒரே கோட்டில் போட்டேன். ஆட்களைக் கீறப் பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வேலை செய்கிறவர் அசைந்தாலும் அதே நிலைக்குத் திரும்பி வருவார், சும்மா நிற்கிறவர்தான் எழும்பிப் போய்விடுவார்.

“என்ன தம்பி, என்னையோ கீறுறீங்கள்?” என்று கேட்டார். ஓம் என்று கொப்பியை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சுண்டு இவ்வளவு பெரிசில்லையே” என்றார். சரியான பேச்சு. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் பெருவிரலால் அளந்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. அன்றிலிருந்து பெரிய உருவம் ஒன்றை முதலில் அளந்துவிட்டு, மற்றதெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் தொடங்குகிறேன்.

இனி உங்கள் வயலும் பற்றையும். சமதரை கீறக் கடினம் என்பது உண்மை. இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டும்வரை ஒரு படுக்கைக் கோடுதான். அந்தக் கோட்டைத் தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் போட்டுவிட்டு மேலே வானத்துக்கு இடம் விடுங்கள். பிறகு நிமிர்ந்து நிற்கிற ஒரே ஒரு பொருளைத் தேடுங்கள். ஒரு பனை, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரம், அதில் சிறகை விரித்துக் காயவிடும் நீர்க்காகம், எதுவும் போதும். 1902இல் கட்டத் தொடங்கிய அந்தக் குளம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாரியில் வான்கதவு திறந்தால் சனம் குடும்பத்தோடு வந்து நிற்கும். ஆவணியில் தண்ணீர் வற்றிய இடத்தில் மாடு மேயும். இரண்டையும் ஒரே இடத்தில் இருந்து கீறிப் பாருங்கள், ஒன்றுமில்லை என்று பிறகு சொல்லமாட்டீர்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். 2பி பென்சில், கறுப்புப் பேனா, கைக்கு அடங்கும் தடித்த தாள் கொப்பி, சின்ன நீர்வண்ணப் பெட்டி. பேனா மை தண்ணீரில் கரையாததா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருந்து வள்ளங்களைக் கீறி, வண்ணம் வைத்த உடனே கோடெல்லாம் கரைந்து சாம்பலாகப் போனது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனம் நோகும். நிறத்தில் பேர்ன்ட் சியன்னா என்கிற செம்மண் நிறமும் அல்ட்ராமரின் என்கிற கடும் நீலமும் இருந்தால் முக்கால்வாசி வன்னி வந்துவிடும். முதலாவது தனியே கிரவல் வீதிக்கு, இரண்டும் கலந்தால் பனையின் அடிமரத்துச் சாம்பல்.

வெளிச்சம் காலை ஒன்பது மணிவரை நல்லது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுமதியம் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், மரமும் வீடும் தட்டையாகத் தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் தாளைப் பிடிக்க இரண்டு கிளிப் கட்டாயம்.

2007இல் சியாட்டிலில் பத்திரிகை ஓவியரான கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் குழுவினர் நேரில் பார்த்துக் கீறுவதையே முதல் விதியாக வைத்திருக்கிறார்கள். பெயரில் நகரம் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம், கமத்துக்கும் அதே விதிதான். போட்டோ எடுத்து வீட்டில் கீறினால் அந்த அம்மா சுண்டைத் திருத்தியிருக்கமாட்டார்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இராணுவ முகாம் பக்கம் கொப்பியைத் திறக்க வேண்டாம். மிதிவெடிப் பலகை இருக்கும் இடத்தில், எவ்வளவு அழகான மரம் தெரிந்தாலும், பாதையை விட்டு ஓரடி இறங்காதீர்கள். காட்டு வீதியென்றால் பொழுதுபடமுன் கிளம்பிவிடுங்கள், யானை வரும்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போவதாக இருந்தால், அதற்கு முந்திய கிழமையே ஒருக்கால் போய் கண்ணகி அம்மன் கோயிலையும் நந்திக்கடல் ஓரத்தையும் மெல்லிய பென்சில் கோட்டில் கீறி வைத்துவிடுங்கள். பொங்கலன்று அதே பக்கத்தைத் திறந்து ஆட்களை மட்டும் நிரப்பினால் போதும்.