கேள்வி உங்களுடையது, வம்பு என்னுடையது

திருகோணமலை தபால் கந்தோரில் தந்தி வாங்கி, முத்திரை விற்று ஓய்வுபெற்ற நம் நாவலாசிரியை இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

உங்கள் நாவலில் வரும் மாமியார் யார்? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. — வாசகி, உவர்மலை

"அந்த மாமியார் நான்தான்" என்று இதுவரை ஒருவரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. "அது என் மாமிதானே?" என்று காதுக்குள் கேட்டவர்கள்தான் ஏராளம். அதில் ஒருவரின் மருமகள் அதற்கு முதல் கிழமை வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். கோபித்துக்கொண்ட ஒரே ஆள் என் பக்கத்து வீட்டுக்காரி. "இவ்வளவு காலம் பழகியும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்பது அவர் குறை. அடுத்த நாவலில் சேர்த்துவிட்டேன். இப்போது கதைக்கிறதில்லை.

எழுத ஆசை, நேரம்தான் இல்லை. உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? — ஆசிரியை, நிலாவெளி

புயலில் பாய்மரத்தை இழந்த கப்பலைத் திருத்த நம் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தவர் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பி ஓட 19 வருடம் எடுத்தது. அவ்வளவு காலமும் சும்மா இருந்தார், எழுத வசதி என்று நினைக்காதீர்கள். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கைதிக்கும் நேரமில்லை! ஊர் திரும்பும் கப்பலில்தான் எழுதினார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்துவிட்டது. நிலாவெளியில் இருந்து டவுனுக்கு தினமும் பஸ்ஸில் வருகிறீர்கள்தானே? ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள்.

சுருக்கமாக எழுத எங்கே படித்தீர்கள்? — பல்கலைக்கழக மாணவர், சீனன்குடா

தந்திக் கவுண்டரில். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில் இருந்தவளுக்கு அலங்காரம் பிடிக்காமல் போனதில் என்ன அதிசயம்? கணவனுக்குத் தந்தி அனுப்ப வருபவர்கள் "அன்புடன்" எழுதுவார்கள், தொகையைச் சொன்னதும் வெட்டிவிடுவார்கள். அன்பு குறைந்ததாக யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

எனக்குப் பாடம் எடுத்தவர் தம்பலகாமத்துப் பக்கம் இருந்து வந்த ஒரு வயதான அம்மா. கொழும்பில் வேலை பார்க்கும் மகனுக்குத் தந்தி. "அம்மா கடும் சுகவீனம் உடன் வரவும்." நோயாளி எனக்கு முன்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார். வயல் வேலைக்கு ஆள் இல்லை, வேறொன்றும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினார். போதவில்லை. "'கடும்' என்பதை எடுத்துவிடவா அம்மா?" என்றேன்.

"அதை எடுத்தால் அவன் வரமாட்டான் பிள்ளை. வேறெதையாவது எடு."

"'உடன்'?"

"அதை எடுத்தால் தைப்பொங்கலுக்குத்தான் வருவான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "'அம்மா'வை எடு. வேற ஆருக்காக அவன் வரப்போறான்?"

எந்தச் சொல் வேலை செய்கிறது, எது சும்மா நிற்கிறது என்று அதற்குப் பிறகு எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. மகன் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான். திரும்பிப் போகுமுன் தன் கந்தோருக்கு லீவு நீடிக்கும்படி என்னிடமே தந்தி கொடுத்தான். "தாய் கவலைக்கிடம்." குடும்பத் திறமை!

திருகோணமலை மான்களைப் பற்றி ஏன் எழுதவில்லை? — சுற்றுலா வழிகாட்டி, உப்புவெளி

எழுதினால் ஊரார் அடிப்பார்கள். வெளியூர் விருந்தாளி வந்தால் பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப்போய், "பாருங்கோ, எங்கட ஊர் மான், எவ்வளவு சாது" என்று படம் பிடிக்கவைப்போம். அதே மான் இரவு நம் வேலிக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தையைத் தின்றால் தும்புத்தடியோடு ஓடுவோம். போன மாதம் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு புள்ளிமான் சோற்றுப் பார்சல் தாளை, குழம்பு பட்ட மூலையில் தொடங்கி, அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது. சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் "பாவம்" என்றார்கள். தாளை எறிந்தவரும் அவர்களுக்குள் நின்று "பாவம்" என்றார். அவரை எழுதலாம் என்று இருக்கிறேன்.

நம் ஊருக்கு நாவல் மரபு உண்டா? — நூலக உதவியாளர், திருகோணமலை

என்ன கேள்வி இது! தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் ஊர்க்காரர். ஆனால் கதையை நாயக்கர் காலத்துத் தஞ்சாவூர், மதுரைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வரமுடியாத தூரம், கெட்டிக்காரர். வ. அ. இராசரத்தினத்துக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. மூதூரிலேயே இருந்துகொண்டு மூதூரை எழுதினார். அவர் தைரியம் எனக்கு இல்லை.

கதாபாத்திரங்களின் பேச்சை எங்கிருந்து பிடிக்கிறீர்கள்? — வியாபாரி, கிண்ணியா

உங்கள் ஊரில் இருந்துதான், பாலம் வரும்வரை. பாதைப் படகுக்குக் காத்திருந்த காலத்தில் கல்யாணப் பேச்சு, காணிச் சண்டை, யார் யாரிடம் கடன் வாங்கினார் என்ற விபரம் எல்லாம் கரையிலேயே விழும். 2009இல் பாலம் திறந்தது. 396 மீற்றர். மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம்கூட இல்லை, தலைக்கவசத்துக்குள் யார் என்ன கதைப்பது? நோயாளிகளுக்கும் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கும் அது உயிர், மறுக்கவில்லை. என் தொழிலுக்குத்தான் நட்டம். இப்போது மீன் சந்தைக்குப் போகிறேன். பாரை விலை கேட்டுக் கேட்டு, வாங்காமல் திரும்புகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டேன்.

புத்தகம் எழுதினால் வருமானம் உண்டா? — பெயர் வேண்டாம், பாலையூற்று

உண்டு, மண்டபக்காரருக்கு. வெளியீட்டு விழாவைப் பார்த்திருப்பீர்கள். வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை, கடைசியில் ஏற்புரை. முதற்பிரதி வாங்கும் பிரமுகர் உறையைத் தருவார், மேடையில் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை, வீட்டில் பிரித்தால், மேடையில் பிரிக்காததில் அவருக்கும் ஏன் நிம்மதி என்பது விளங்கும். என் நாவல் ஒன்றுக்கு நயவுரை செய்தவர் அரை மணித்தியாலம் கதாநாயகனின் வீரத்தைப் புகழ்ந்தார். அந்த நாவலில் இருப்பது மூன்று பெண்களும் ஒரு பூனையும்தான். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், அப்படி ஒரு ஆளைப் போட்டிருக்கலாமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

எழுத்தாளர்கள் எழுத்தாளர்களைப் பாராட்டுவார்களா? — வாசகர், மூதூர்

அஞ்சலிக் கூட்டத்தில், தாராளமாக.

மகன் உயர்தரச் சோதனைக்குப் படிக்காமல் இரவில் கதை எழுதுகிறான். கொப்பியை எடுத்து ஒளித்துவைக்கட்டுமா? அவன் கதையில் அம்மா ஏன் எப்போதும் சத்தம் போடுகிறாள்? — ஒரு தாய், அன்புவழிபுரம்

இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டீர்கள். முழுக் கொப்பியையும் வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். சோதனை முடியும்வரை சத்தம் போடுங்கள், அது உங்கள் வேலை. கொப்பியை மட்டும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். அப்புறம், அந்த அம்மா சத்தம் போட்டுக்கொண்டே இரவு பன்னிரண்டு மணிக்கு அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறாளா என்று பாருங்கள். அந்த இடம் கதையில் இருந்தால் பையனுக்கு எழுத வரும். இல்லாவிட்டால் இரசாயனவியலைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள்.