ப்ளூயி கார்ட்டூனின் 28 நிமிடச் சிறப்பு அத்தியாயத்துக்குப் பெரியவர்கள் ஏன் இவ்வளவு அழுகிறார்கள், ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்?

கார்ட்டூன் நாய்க் குடும்பம் ஒன்று வீட்டை விற்கப் போய் விற்காமல் விட்டது, அதற்கு வளர்ந்தவர்கள் அழுவதும் முடிவு சரியில்லை என்று சண்டை போடுவதும் அதிகமாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறும் நிலைமை இதுவரை வரவில்லை என்று நினைக்கிறேன். நான் அழுதேன், கோபமும் பட்டேன். இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ப்ளூயி ஆஸ்திரேலியத் தொடர், 2018-ல் தொடங்கியது, பிரிஸ்பேனில் இருக்கும் லூடோ ஸ்டுடியோ எடுப்பது, கதை எழுதியவர் ஜோ ப்ரம். வழக்கமாக ஓர் அத்தியாயம் 7 நிமிடம்தான். 2024 ஏப்ரல் 7-ல் வந்த அத்தியாயத்தின் கடைசியில் ப்ளூயி வீட்டு முன்னால் 'விற்பனைக்கு' என்று போர்டு நிற்பதைக் காட்டி முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் எல்லோரும் தவித்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 14, நமக்குச் சித்திரை ஒன்று, அன்றைக்கு 'தி சைன்' வந்தது. 28 நிமிடம். அப்பா பேண்டிட்டுக்கு வேறு நகரத்தில் நல்ல சம்பளத்தில் வேலை, அதனால் வீட்டை விற்கிறார்கள். நடுவே பேண்டிட்டின் கூடப்பிறந்த ராடுக்கும் ஃப்ரிஸ்கிக்கும் கல்யாணம். கடைசியில் சாமான் எல்லாம் ஏற்றியான பிறகு, வாங்க இருந்தவர்கள் நீச்சல் குளம் உள்ள வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிகிறது, பேண்டிட் அந்தப் போர்டைப் பிடுங்கி எறிகிறார். காலி வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அழுதவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். ப்ளூயியின் அம்மா சில்லியின் கூடப்பிறந்த பிராண்டி, முன்னொரு அத்தியாயத்தில் குழந்தை இல்லாத வருத்தத்தோடு வந்தவள், இந்தக் கல்யாணத்தில் வயிற்றுப் பிள்ளையோடு நிற்கிறாள். சில நொடிதான், ஒரு வார்த்தை கிடையாது. என் சித்தி மகள் ஒருத்தி, கல்யாணமாகி ஒன்பது வருடம், ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஒரு காட்சியை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. இதை அதிகம் என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

இனி என் கதை.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் தமிழ்தான். மாமனார் தவறிய பிறகு வீட்டையும் அதை ஒட்டிய 12 சென்டையும் விற்பது, மீதி இடம் கொழுந்தனாருக்கு என்று முடிவாயிற்று. என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மே மாதம் போவதாகத் திட்டம். மகளுக்கு அப்போது எட்டு வயது.

முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போவதெல்லாம் ஒரு ஊர் மாறுதலா என்று இங்கே யாராவது எழுதுவீர்கள், தெரியும். என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாடப்புத்தகம் மாறும், ரேஷன் கார்டு மாறும், பிள்ளையின் சிநேகிதிகள் அத்தனை பேரும் மாறுவார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு முப்பதும் மூவாயிரமும் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி லீவுக்கு வந்தவன் இதைப் போட்டுக் காட்டினான். போர்டு நிற்கும் அத்தியாயத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. நான் ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தது எதுவும் மகள் காதில் ஏறவில்லை. இப்போது ப்ளூயியே வீடு மாறப் போகிறாள். "பாரு, ப்ளூயியும் போறா, நீயும் போற, அவ எப்படிச் சமாளிக்கிறான்னு பார்க்கலாம்" என்று நானே சொன்னேன். ரெண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு என்னைத்தான் குறை சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஆனால் எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

பெரிய அத்தியாயத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அவளுக்குப் பாதி இங்கிலீஷ் புரியாது, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில் கலிப்சோ டீச்சர் ஒரு கதை சொல்வார்: குடியானவன் குதிரை ஓடிப்போகிறது, ஐயோ பாவம் என்கிறார்கள், அவன் பார்க்கலாம் என்கிறான், அது காட்டுக் குதிரைகளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது, அதிர்ஷ்டம் என்கிறார்கள், அப்போதும் பார்க்கலாம் என்கிறான். நல்லதா கெட்டதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் கதை. எனக்கு உயிரே வந்தது. இதைத்தானே நான் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். போகட்டும், போய்ப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

போகவில்லை. பேண்டிட் போர்டைப் பிடுங்கிவிட்டார். கல்யாணப் பெண் ஃப்ரிஸ்கியும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, ராடே வந்துவிடுகிறான். போக வேண்டிய ஒருவரும் போகவில்லை. என் கணவர், தம்பி, என் மாமியார் உட்பட எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். மகள் மட்டும் அழவில்லை. எழுந்து நின்று, "நம்ம வீட்டு போர்டு எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் அப்படியெல்லாம் போர்டு வைப்பது குறைவு. புரோக்கர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், சமையல்கட்டில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், பேசி அட்வான்ஸ் கொடுத்தால் அப்புறம் ஆதாரம். பத்திரத்தை நாங்கள் ஆதாரம் என்போம். போர்டு கிடையாது கண்ணு என்றேன். சரி என்று படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். இடத்தைப் பிரிக்க சர்வேயர் வந்து அளந்து ஆறு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தார், சவுக்குக் கம்பைச் சீவி, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்தது. ஆறையும் காணோம். பின்பக்கம் அம்மிக்கல்லுக்குக் கீழே சந்தில் அடுக்கி வைத்து மேலே தேங்காய் மட்டையைப் போட்டு மூடியிருந்தாள். அந்த மண் ஏப்ரல் மாதம் பாறை மாதிரி இருக்கும், பெரியவர்களே ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். ரெண்டு உள்ளங்கையிலும் சிராய் ஏறி, ஒன்று நகத்துக்கு அடியில் போயிருந்தது. விடியக் கருக்கலில் எழுந்து தனியாகப் பிடுங்கியிருக்கிறாள். "அப்பா பிடுங்கலை, அதான் நான் பிடுங்கினேன்" என்றாள்.

கொழுந்தனாரைத் தப்பு சொல்ல மாட்டேன், அவர் சர்வேயருக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டுமே என்று கத்தினார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊசியைச் சுடவைத்துச் சிராயை ஒவ்வொன்றாக எடுத்தார். நகத்தடியில் இருந்தது வரும்போது ரெண்டு பேரும் அழுதார்கள். பிறகு அவரே குச்சிகளை எடுத்துக்கொண்டு போய், பழைய குழிகள் திறந்துதான் கிடந்தன, ஆறையும் திரும்ப அடித்தார். அவள் கூட நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சர்வேயருக்குப் பணம் கட்ட வேண்டி வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அந்த முடிவின் மேல் கோபம் இருக்கிறது. கலிப்சோ கதைப்படி தங்கியதும் நல்லதா கெட்டதா என்று இனிமேல்தான் தெரியும், அதனால் முடிவு சரிதான் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். போர்டு விழும்போது பாட்டும் கட்டிப்பிடிப்பும் வைத்தால் குழந்தைக்கு என்ன புரியும்? தங்கினால் நல்லது, போனால் கெட்டது, அப்பாவுக்குப் பாசம் இருந்தால் பிடுங்குவார். பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகள், பாங்கில் மாற்றல் ஆகும் வீட்டுப் பிள்ளைகள், கடன் கட்ட முடியாமல் வீட்டை விட்ட வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும்தானே அதைப் பார்த்தார்கள். அவர்கள் அப்பாக்களுக்குப் பாசம் இல்லையா? ஜோ ப்ரம் அருமையான எழுத்தாளர், அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. என் வீட்டில் அந்தத் தொடர் இன்னமும் ஓடுகிறது. அது சாதாரணக் கார்ட்டூனாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எதிர்பார்த்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கோயம்புத்தூரில் பள்ளியில் சேர்க்கப் போனபோது கேரளாவில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, இங்கே வாங்கி வா என்றார்கள். இங்கே அலுவலகத்தில் கேட்டால் பிறந்தது அங்கே, அங்கேயே போ என்றார்கள். நாலு தடவை லீவு போட்டு அலைந்தோம். அங்கே இருந்தவரை சிலருக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள். இங்கே மகளை வகுப்பில் மலையாளத்துப் பொண்ணு என்றார்கள், அவள் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே. எப்போதோ யாரோ கோடு போட்டார்கள், அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பேசுவது ஒரே தமிழ். இதற்கு யார் பதில் சொல்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே கடைசியில் வந்துவிட்டோம். முதல் நாள் கட்டில், அடுப்பு ஒன்றும் பூட்டவில்லை, பரோட்டா வாங்கி வந்து தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். "ப்ளூயி மாதிரி" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சால்னாவை ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போதும் மாதம் ஒரு தடவையாவது அந்த 28 நிமிட அத்தியாயத்தைப் போடுவாள். அந்தக் குதிரைக் கதைக்கு அவளே தமிழில் 'பார்க்கலாம்' என்று சேர்ந்து சொல்வாள். கல்யாணத்தில் எல்லோரும் ஆடும் இடம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவாள். மீதியும் பார்க்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "அது அவங்க வீட்டுக் கதைம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.