ஆவணியில் கலியாணம்: மட்டக்களப்பிலிருந்து ஹனிமூனுக்கு எந்தத் தீவு?

கேள்வி: நாங்கள் இருவரும் மட்டக்களப்பு. ஆவணியில் கலியாணம். ஹனிமூனுக்கு ஒரு தீவுக்குப் போக ஆசை. வீட்டில் எல்லாரும் மாலைதீவு என்கிறார்கள், அவருக்குப் பாலி பிடித்திருக்கிறது, எனக்கு மொரீசியஸ். எதைத் தெரிவு செய்யலாம்?

தம்பி, ஆவணி என்றால் பாலிக்குப் போங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவர் சொன்னதுதான் சரி. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு வருகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தீவின் படத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

நாம் கடலோடு வாழ்கிற ஆட்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் கடல் எப்படி இருக்கும், வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியதும் எப்படி மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கத்தை நனைக்கிறது. நடுவில் மலைநாடு நின்று தடுப்பதால் இங்கே வறட்சியும் வெயிலும்தான். மாலைதீவில் அப்படித் தடுக்க ஒன்றும் இல்லை. அந்த நாட்டின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான். அதே காற்று, அதே முகில், நேரே வந்து அடிக்கும். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே மாரி.

மழை நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்று சொல்லவில்லை. நடுவில் நல்ல வெயில் நாட்களும் வரும், அறை வாடகையும் அந்த மாதங்களில் இறங்கும். ஆனாலும் நீல நிறத் தண்ணீருக்கென்று அவ்வளவு காசைக் கட்டிவிட்டு, காற்றுக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவது புதுமணத் தம்பதிக்கு வேண்டாம். அதே ஆவணியில் நம் பாசிக்குடாவில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் இருக்கும். வெள்ளைக்காரர்கள் பறந்து வந்து பார்க்கிற கடலை விட்டுவிட்டு, அதைவிடக் கலங்கிய கடலுக்கு நாம் பறந்து போவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மாலைதீவில் பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்று ஒரு குடா இருக்கிறது. மே முதல் நவம்பர் வரை அங்கே கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் வந்து அடையும். அவற்றைத் தின்ன மண்டா ரே என்கிற ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வரும். ஸ்நோர்க்கல் போட்டு மேலே மிதந்தபடி பார்க்கலாம், சிலிண்டரோடு மூழ்க அனுமதி இல்லை. உங்கள் இருவருக்கும் அந்தக் காட்சிதான் வேண்டும் என்றால் மழையைப் பொறுத்துக்கொண்டு போகலாம். சும்மா கடற்கரையில் இருக்கத்தான் என்றால் வேண்டாம்.

தையிலோ மாசியிலோ கலியாணம் என்று கேட்டிருந்தால் நானே மாலைதீவு என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது எங்கள் பக்கம் மாரி வெள்ளம் வடிந்தும் வடியாமலும் கிடக்கும், கடலில் இறங்க மனம் வராது, அங்கோ வானம் வெளுத்திருக்கும். என் தங்கச்சிக்குத் தையில் கலியாணம். மாசியில் அவளும் மாப்பிள்ளையும் மாலைதீவில் ஒரு உள்ளூர்த் தீவுக்குப் போய் வந்தார்கள். அவள் அனுப்பிய படங்களில் இருந்தது உண்மையான நிறம்.

மாலைதீவுச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் எல்லாரும் அதையே சொல்கிறார்கள் என்பதால். அங்கே ஆள் குடியிருக்கிற தீவு வேறு, ரிசோர்ட் தீவு வேறு. ஒரு தீவில் ஒரு ரிசோர்ட் என்பதுதான் அந்த நாட்டின் பழைய முறை. 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த விட்டார்கள். மாஃபுஷி போன்ற தீவுகளில் அறை எடுத்தால் ரிசோர்ட் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சாப்பாடு நமக்கு அந்நியமே இல்லை. காலையில் மாஸ் ஹுனி என்று தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், மீன் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நாம் மாசிச் சம்பலுக்கு வாங்குகிற மாசி வருகிற நாடல்லவா!

ரிசோர்ட் என்றால் இணையத்தில் காட்டும் விலையை நம்பி இருந்துவிடாதீர்கள். அதன் மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், சுற்றுலா வரி 17 வீதம், அப்புறம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர் பசுமை வரி. சிறிய கெஸ்ட் ஹவுஸ் என்றால் பசுமை வரி 6 டொலர். தூரத்துத் தீவு என்றால் கடல் விமானம். போய்வர ஆளுக்கு நூற்றுக்கணக்கான டொலர் ஆகும், பகல் வெளிச்சத்தில் மட்டுமே அது பறக்கும். பின்னேரம் பிந்திப் போய் இறங்கினால் முதல் இரவு மாலேயில் ஏதாவது ஒரு ஹோட்டலில்தான். கலியாணக் களைப்போடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, பாலிக்கு வருகிறேன். நானும் மனைவியும் ஆவணிக் கடைசியில் போனது அங்கேதான். பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே கோடை, அவுஸ்திரேலியாப் பக்கமிருந்து வருகிற காற்று காய்ந்த காற்று. கச்சானில் வெந்துகொண்டிருக்கும் நமக்கு அந்த மாதத்துப் பாலி இதமாக இருக்கும். ஜூலையும் ஓகஸ்டும் கூட்டம் அதிகம், வாடகையும் கூட. ஆவணியின் பின்பாதி, அதாவது செப்டெம்பர் தொடக்கம், நல்ல நேரம்.

ஆனால் நான் பாலியைச் சொல்வதற்குக் காலநிலை பாதிக் காரணம்தான். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த இருவர் ஒரு தீவுக்குப் போனால், அங்கே நம் ஊரில் இல்லாதது இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கடல் நமக்கு வாசலில் இருக்கிறது, வாவி இருக்கிறது. மட்டக்களப்பு நகரின் மையமே புளியந்தீவு என்ற ஒரு தீவுதான். மலைதான் இல்லை, குடும்பிமலையைத் தவிர. பாலியில் எரிமலை இருக்கிறது. கிந்தாமணியில் பாத்தூர் மலை 1,717 மீற்றர். விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு டோர்ச் லைட்டோடு ஏறத் தொடங்கினால் சூரியன் வரும்போது உச்சியில் நிற்கலாம். கீழே ஏரி, எதிரே ஆகுங் மலை, கால் வைக்கிற கற்களின் இடுக்கிலிருந்து சூடான ஆவி. குளிர் நன்றாகத் தாக்கும், ஜாக்கெட் இல்லாமல் போகவே போகாதீர்கள். மனைவி பாதி வழியில் என் கையைப் பிடித்தவள் உச்சி வரை விடவில்லை. ஹனிமூனுக்கு வேறென்ன வேண்டும்?

அவளுடைய ஊர் அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் பக்கம், மாமா வயல்காரர். அதனால் ஜத்திலுவியில் படிப்படியாக மலையில் ஏறுகிற வயல்களைப் பார்த்ததும் அவள் என்னை மறந்துவிட்டாள். நம் வட்டைகள், அதாவது வயல்வெளிகள், தட்டையான நிலம். அங்கே ஒவ்வொரு படிக்கும் மேலிருந்து தண்ணீர் இறங்கி வருகிறது. அதைப் பங்கிடுவதற்கு சுபாக் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நம் வட்டை விதானைமார் பார்க்கிற வேலையை அங்கே விவசாயிகள் தண்ணீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. மாமாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினாள். அவர் கேட்ட முதல் கேள்வி, கமத்துக்கு மிஷின் எப்படி ஏறும் என்பதுதான்.

சைவ ஆட்களுக்கு அந்தத் தீவு மனதுக்கு நெருக்கமாக இருக்கும். மக்களில் பெரும்பான்மை இந்துக்கள். ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் ஓலையில் முடைந்த சின்னத் தட்டில் பூ வைத்துப் படைக்கிறார்கள். கலுங்கான் என்ற பண்டிகைக்கு உயரமான மூங்கிலில் குருத்தோலை கட்டி வீதியெல்லாம் நடுவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் குருத்தோலை கட்டிப் பழகிய கைகளுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உலுவாத்து கோயிலுக்குப் பக்கத்தில், பின்னேரம் கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் கெச்சாக் ஆடுகிறார்கள். மேளம் இல்லை, வாத்தியம் எதுவும் இல்லை. ஆண்கள் வட்டமாக இருந்து வாயாலேயே தாளம் போட, நடுவில் இராமாயணம் நடக்கிறது. வட்டக்களரியில் விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு அது புரியும். மொழி தெரியாமலேயே புரியும்.

இரண்டு இடத்தில் தங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதலில் உபுட், அப்புறம் சானூர் அல்லது அமெட். குட்டா, செமின்யாக் பக்கம் நெரிசலும் சத்தமும் அதிகம், புதுமணத் தம்பதிக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் எடுக்க ஆசை வரும், வேண்டாம். நாள் வாடகைக்கு டிரைவரோடு கார் கிடைக்கும். கோயிலுக்குள் போக இடுப்பில் சாரம் கட்ட வேண்டும், நம் ஆட்களுக்கு அது பெரிய விஷயமா? வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 150,000 ரூபியா நுழைவு வரி கட்ட வேண்டும், 2024இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மரக்கறிச் சாப்பாடு உபுட்டில் தாராளம். மற்ற இடங்களில் பன்றி இறைச்சி சாதாரணமாகப் புழங்கும், கேட்டுச் சாப்பிடுங்கள்.

மொரீசியஸ் உங்கள் ஆசை. அழகான நாடு, ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடே லீவு. ஆனால் ஆவணியில் அங்கே குளிர்காலம். கிழக்குக் கரையில் காற்று விடாது, கடல் தண்ணீர் நமக்குச் சில்லென்று இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளிக் காலம். ஒக்டோபர், நவம்பரில் போனால் நல்லது. அதை அந்த மாதங்களில் போகக்கூடிய இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை, எங்களுக்குக் கடலும் பவளமும்தான் வேண்டும் என்றால், யாரும் சொல்லாத ஒரு பெயரைச் சொல்கிறேன். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகள். அந்த நாட்டின் கிழக்குக் கரையும் நம் கிழக்குக் கரையும் ஒரே வாடைக்கு அஞ்சுகின்றன. அங்கே நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பூட்டிக் கிடக்கும். ஆவணியில் தண்ணீர் தெளிந்து ஆமைகள் நீந்தும். கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு விமானம், அங்கிருந்து காரில் கோலா பெசுட், அப்புறம் படகு. போகிற வழியில் பத்துமலையையும் கும்பிட்டுவிடலாம். லங்காவி மேற்குக் கரையில் இருப்பதால் உங்கள் மாதத்துக்கு ஒத்துவராது. தை, மாசிக்கு அது நல்ல தெரிவு. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் கேட்டால் அதைத்தான் சொல்வேன், எங்கும் தேடாமல் ஹலால் சாப்பாடு கிடைக்கும்.

காசைப் பற்றி ஒன்று, தம்பி. நகையை அடகு வைத்தோ கடன் எடுத்தோ வெளிநாடு போகாதீர்கள். கலியாணச் செலவு முடிந்த கையோடு மாதாமாதம் வட்டி கட்டத் தொடங்கினால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? ஆவணியில் நம் பக்கமே சீசன். பாசிக்குடாவில் நல்ல ஹோட்டலில் இரண்டு இரவு, அப்புறம் நிலாவெளிக்குப் போய் அங்கிருந்து படகில் புறாமலைத் தீவு. 2003இலிருந்து தேசியப் பூங்கா. முழங்கால் தண்ணீரிலேயே மீன் கூட்டம் காலைச் சுற்றும், அதிர்ஷ்டம் இருந்தால் குட்டிச் சுறாவும் தெரியும். இதைக் குறைந்தது என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் அங்கே போகவில்லை.

நாள் குறிக்கும்போது கலியாணத்துக்கு மறுநாளே விமானம் போடாதீர்கள். கால்மாறும் சடங்குக்குப் போக வேண்டும், சொந்தக்காரர் வீட்டு விருந்துகள் இருக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாகனத்தில் போகவே ஏழெட்டு மணித்தியாலம். ஒரு கிழமை விட்டுப் போனால் இருவரும் கொஞ்சம் தூங்கியிருப்பீர்கள், பேசிப் பழகியிருப்பீர்கள். கடவுச்சீட்டு இரண்டும் திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். மனைவியின் டிக்கெட்டை அவருடைய கடவுச்சீட்டில் இப்போது இருக்கிற பெயரிலேயே எடுங்கள், கலியாணத்துக்குப் பிறகு மாறப்போகிற பெயரில் எடுத்தால் விமான நிலையத்தில் சிக்கல். மாலைதீவு இலங்கையருக்கு வந்திறங்கும்போதே 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. பாலிக்கோ மலேசியாவுக்கோ என்றால் முதலில் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். விசா கையில் வந்த பிறகு டிக்கெட்டுக்குக் காசு கட்டுங்கள்.