தெரிந்தே விட்ட பிழையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அர்தபில் கம்பளத்தைப் பார்த்தேன். பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் தரையோடு விரித்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் விளக்கைக் கூட்டுவார்கள் என்றதால் காத்திருந்து பார்த்தேன். கம்பளத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் தொங்குவதுபோல் இரண்டு விளக்குகள் நெய்யப்பட்டிருக்கின்றன. ஒன்று பெரியது, மற்றது சிறியது. "இறைவன் ஒருவனே குறையில்லாதவன் என்பதால் பாரசீக நெசவாளர்கள் தெரிந்தே ஒரு பிழை விடுவார்கள்" என்று அருகில் நின்ற ஒருவர் விளக்கினார். எனக்கு மெய்சிலிர்த்தது.

திரும்பும் வழியில் தில்லியில் ஒரு கம்பளக் கடைக்குப் போனோம். கடைக்காரரும் அதே கதையைச் சொன்னார். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்பதுதான் கம்பளத்தின் தரம் என்று சொல்லி, பூதக்கண்ணாடி வைத்து எண்ணியும் காட்டினார். இவையெல்லாம் உண்மைதானா? நல்ல பழைய பாரசீகக் கம்பளத்தை இந்தியாவில் எங்கே பார்க்கலாம்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அந்தப் பிழைக் கதையை நான் நம்பவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கேட்பதற்கு இனிமையான அந்தக் கதை நெசவாளருக்குப் பெரிய அநியாயம் செய்கிறது.

கம்பளத்தில் ஒரு பூ கோணிப்போயிருந்தாலோ, ஒரு நிறம் பாதியில் மாறியிருந்தாலோ, வாங்க வந்தவரின் தயக்கத்தைப் போக்க இந்தக் கதை உடனே வந்துவிடுகிறது. இந்தக் கம்பளம் நெய்யப்பட்ட காலத்தில் ஈரானை ஆண்ட சஃபாவித் மரபின் காலத்து நெசவாளர் ஒருவர் இப்படிச் சொன்னதாக எந்தப் பழைய எழுத்திலும் நான் படித்ததில்லை. குறையே இல்லாமல் நெய்து முடிக்க என்னால் முடியும் என்று நம்புகிறவர்தானே தெரிந்தே ஒரு குறை வைக்க முடியும்? அதில் பணிவு எங்கே இருக்கிறது? லட்சக்கணக்கில் முடிச்சுப் போடுகிறவரிடம் பிழை தானாகவே வந்து சேரும்.

நீங்கள் பார்த்த கம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) பட்டு, முடிச்சுகள் கம்பளி. இரண்டரைக் கோடிக்கும் அதிகமான முடிச்சுகள். சஃபாவித் அரச மரபின் மூதாதையான ஷேக் சஃபியின் அடக்கத்தலம் வடமேற்கு ஈரானில் அர்தபில் நகரில் இருக்கிறது. கம்பளம் அங்கிருந்து வந்தது என்பதால் இந்தப் பெயர். ஒரு முனையில் சிறு கட்டத்துக்குள் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் ஈரடி நெய்யப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'உன் வாசற்படியன்றி உலகில் எனக்குப் புகலிடம் இல்லை. இந்தக் கதவன்றி என் தலைக்குக் காப்பிடம் இல்லை' என்பது அதன் கருத்து. அதன் கீழே 'இந்த வாசலின் அடிமை மக்ஸூத் காஷானியின் வேலை, 946' என்று இருக்கிறது. இஸ்லாமிய ஆண்டு 946 என்றால் 1539-40. சஃபாவித் மன்னர் ஷா தஹ்மாஸ்ப் ஆண்ட காலம்.

மக்ஸூத் தறியில் உட்கார்ந்து நெய்தவராக இருக்க வாய்ப்பு குறைவு. வேலையை ஏற்று நடத்தியவராகவோ வடிவத்தை வரைந்தவராகவோதான் இருந்திருப்பார். இந்த அளவுக் கம்பளத்துக்கு ஒரே வரிசையில் பலர் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் நெய்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

இனி விளக்குகளுக்கு வருவோம். அரசுப் பட்டறையில் எதுவும் நெய்கிறவரின் போக்கில் விடப்படுவதில்லை. வடிவம் முதலில் தாளில் வரையப்படும். பெரும்பாலும் கால் பங்கை மட்டும் வரைந்து, அதையே திருப்பித் திருப்பிப் போட்டு முழுக் கம்பளமும் நெய்வார்கள். விளக்குகள் அந்தக் கால் பங்குக் கணக்குக்குள் அடங்காதவை, தனியாக வரைந்து சேர்த்தவை. எனவே ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதைக் கைப்பிசகு என்று சொல்ல முடியாது, யாரோ முடிவு செய்தே வைத்திருக்கிறார்கள். சிறிய விளக்கின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் விளக்குகிறார்கள். கம்பளத்தில் வேறு எங்கும் இப்படித் தொலைவுக்கு ஏற்ப அளவு மாற்றும் உத்தி இல்லாததால் அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் திட்டமிட்டு வரைந்த ஒன்றைப் 'பிழை' என்று அழைக்க மட்டும் எந்த நியாயமும் இல்லை.

விளக்குகளைக் காட்டிப் பிழைக் கதை சொல்கிறவர்கள் இதே கம்பளத்தின் பெரிய காயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அர்தபிலிலிருந்து வந்தவை இரண்டு கம்பளங்கள், ஜோடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடக்கத்தலத்திலிருந்து விற்கப்பட்டபோது இரண்டுமே நைந்திருந்தன. வியாபாரிகள் ஒன்றை வெட்டி அந்தத் துண்டுகளால் மற்றதைச் செப்பனிட்டார்கள். முழுமையாக்கிய கம்பளத்தை லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் அதைப் பார்த்து வியந்து, வாங்கியே ஆக வேண்டும் என்று பரிந்துரைக்க, அருங்காட்சியகம் 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. இன்னொன்று இருக்கிறது என்ற பேச்சே அப்போது எழவில்லை. கரைகளை இழந்த அந்த இரண்டாவது கம்பளம் அமெரிக்கச் செல்வந்தர்களிடம் கைமாறிக் கைமாறி, எண்ணெய்த் தொழிலதிபர் பால் கெட்டியின் நன்கொடையாக 1953இல் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் பத்து நிமிட வெளிச்சத்தில் பார்த்த முழுமை அதன் ஜோடியை வெட்டிக் கிடைத்த முழுமை. அடுத்த முறை போனால் விளக்குகளை விட்டுவிட்டுக் கரையோரத்தைப் பாருங்கள். ஒட்டு வேலை எங்கே ஓடுகிறது என்று தேடுங்கள்.

அரசுப் பட்டறைக்கு வெளியே வந்தால் கோணலுக்கும் நிறமாற்றத்துக்கும் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. கடைக் கதையைவிட அவை எனக்கு ஆயிரம் மடங்கு பிடிக்கும். தெற்கு ஈரானில் ஃபார்ஸ் பகுதியில் காஷ்காய் போன்ற மேய்ச்சல் மக்கள் நெய்யும் கம்பளங்களுக்குத் தாளில் வரைந்த வடிவமே கிடையாது. ஆண்கள் ஆட்டு ரோமம் கத்தரிப்பார்கள், தறி அமைப்பார்கள். நூல் நூற்பதும் சாயம் ஏற்றுவதும் நெய்வதும் பெண்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் பார்த்ததை மனத்தில் வைத்து நெய்வதால் ஒரே கம்பளத்தை அப்படியே இன்னொரு முறை நெய்ய அவர்களாலேயே முடியாது. இந்த நெசவையும் ஈரானின் காஷான் நகர நெசவையும் 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அவர்களின் தறி தரையில் படுத்திருக்கும். நான்கு முளைகள், இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். மேய்ச்சல் நிலம் மாறும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டி விலங்கின் முதுகில் ஏற்றி, அடுத்த இடத்தில் மறுபடியும் அடிப்பார்கள். பாவின் இழுப்பு முன்பு இருந்ததுபோல் இருக்காது. கம்பளம் ஓர் இடத்தில் ஒரு விரற்கடை அகலும், பிறகு குறுகும். அந்த ஓரத்தைப் பார்த்தால் குடும்பம் இடம் பெயர்ந்திருக்கும் இடத்தை ஊகிக்கலாம். இதைப் போய் இறைவனுக்காக விட்ட பிழை என்றால், அந்தப் பெண்ணின் ஒரு வருட வாழ்க்கையை அழித்துவிட்டு நாம் ஒரு நீதிக்கதையை எழுதி வைக்கிறோம்.

நிறம் பட்டை பட்டையாக மாறுவதும் இப்படித்தான். அதை அப்ராஷ் என்கிறார்கள். ஒரு கம்பளத்துக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே கொப்பரையில் முக்கிவிட முடியாது. கையால் நூற்ற நூலில் ஓர் இடம் தடிப்பாகவும் ஓர் இடம் மெலிதாகவும் இருக்கும், சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது. சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு இஸ்பரக் என்னும் செடியின் பூ, பழுப்புக்கு மாதுளம் தோலும் அக்ரூட் கொட்டையின் மேல்தோலும். சாயம் பிடிக்கப் படிக்காரம். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளையும் அவுரியையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். பல ஆண்டு வெயிலில் மஞ்சள் முதலில் ஓடிவிடும், அவுரி நிற்கும். பழைய கம்பளங்களில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து வியக்கிறோமே, அவை நெய்த நாளில் பச்சையாக இருந்தவை.

கருப்பும் கரும்பழுப்பும் இன்னொரு கதை. அன்னபேதி போன்ற இரும்புச் சத்து சேர்த்து ஏற்றும் கருஞ்சாயம் கம்பளியை மெல்ல மெல்ல அரிக்கும். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் கருப்பு இருந்த இடங்கள் பள்ளமாகி, மற்ற நிறங்கள் புடைத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே பூவின் வெளிக்கோடு தெரியும்.

1856இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு ரசாயனச் சாயங்கள் சில பத்தாண்டுகளுக்குள் ஈரான், துருக்கிக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தன. மலிவு, வேலையும் குறைவு. அப்போது ஈரானை ஆண்ட காஜார் அரசு தடை போட்டும் முழுதாக நிற்கவில்லை. அந்தக் காலத்துக் கம்பளம் ஒன்று கையில் கிடைத்தால் முடிச்சுகளை விரலால் பிளந்து அடியைப் பாருங்கள். நுனி சாம்பலாக வெளிறியிருக்கும், வேரில் மட்டும் கண்ணைக் குத்தும் ஊதா அப்படியே ஒளிந்திருக்கும். வேர்ச் சாயம் வெளுத்தாலும் இப்படி நிறம் கெட்டுப் போவதில்லை. இஸ்தான்புல்லில் பணியாற்றிய ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானியர் பழைய கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்து, அந்தச் செய்முறைகளை மேற்குத் துருக்கியின் அய்வாஜிக் பகுதிக் கிராமங்களுக்கே திரும்பக் கற்றுக்கொடுத்தார். 1981இல் டோபாக் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி அது. அறிவியல் ஒரு கைத்தொழிலிடமிருந்து பறித்ததை அறிவியலே திருப்பிக் கொடுத்தது என்பதால் எனக்கு அந்த முயற்சிமேல் தனி மதிப்பு உண்டு.

முடிச்சுக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பவானி ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டும்தான். அவற்றின் இடையே, இரண்டு பாவு நூல்களைச் சுற்றிக் கம்பளி இழையை ஒவ்வொன்றாக முடிந்து கத்தியால் அறுத்துவிட்டால் முடிச்சுக் கம்பளம். முடிச்சு நெருங்க நெருங்க நுட்பமான வளைவுகளை நெய்யலாம் என்பது உண்மை. கொடியும் மலரும் நெளிந்தோடும் காஷான், இஸ்ஃபஹான் கம்பளங்களுக்கு அது தேவை. கட்டமும் எண்கோணமும் கொண்ட துருக்கிய, காக்கேசிய கம்பளங்களுக்குத் தேவையில்லை. ஹோல்பைன் போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் மேசைமேல் விரித்து வரைந்த அனதோலியக் (துருக்கியின் ஆசியப் பகுதி) கம்பளங்கள் முடிச்சுக் கணக்கில் சாதாரணமானவை. அவற்றில் எஞ்சிய ஒரு துண்டுக்காக அருங்காட்சியகங்கள் போட்டி போடுகின்றன. எண்ணிக்கையே தரம் என்றால் அது எப்படி?

அந்த எண்ணிக்கையிலும் ஏமாற்று உண்டு. இரண்டு பாவுக்குப் பதில் நான்கு பாவைச் சேர்த்து முடிவது ஜுஃப்தி முடிச்சு. வேலை பாதி. மேலிருந்து பார்க்கிறவருக்குச் சட்டென்று தெரியாது, கம்பளமோ சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் பூதக்கண்ணாடியைவிடக் கம்பளத்தைப் புரட்டிப் பின்புறம் பார்ப்பது நல்லது.

எண்ணிக்கைமேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இன்னொரு காரணம், நுண்ணிய முடிச்சுக்குச் சிறிய விரல் வேண்டும் என்று சொல்லித்தான் குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்தார்கள் என்பது. ஈரானின் கெர்மானிலும் நடந்தது, நம் நாட்டிலும் நடந்தது. கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994இல் ரக்மார்க் என்ற முத்திரை வந்ததே உத்தரப் பிரதேசக் கம்பளத் தறிகளிலிருந்து குழந்தைகளை மீட்கத்தான். புதுக் கம்பளம் வாங்கினால் முடிச்சை எண்ணுவதற்கு முன் யார் நெய்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் காஷ்மீரில் ஒரு தறியையும் பார்த்துவிடுங்கள். அங்கே வடிவத்தைப் படமாக வைத்துக்கொள்வதில்லை. தாலீம் என்னும் குறியீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். இந்த நிறத்தில் இத்தனை முடிச்சு, அந்த நிறத்தில் இத்தனை என்று ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு நெய்வார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் ஜெய்ப்பூர். ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் கெர்மானில் நெய்த ஒரு தோட்டக் கம்பளம் இருக்கிறது. எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். ஆம்பர் கோட்டையில் மூடிக் கிடந்த அறையில் 1937இல் கண்டெடுத்தார்கள். பின்னால் தைத்திருந்த சீட்டில் 1632 என்ற ஆண்டுக் கணக்கு இருப்பதால் அதற்கு முன்பே நெய்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பாரசீகத் தோட்டத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் நெய்திருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடைகள், நடுவில் மண்டபம், ஓடைகளில் மீன்கள், இரு கரையிலும் மரங்கள். தோட்டம் மேலிருந்து பார்த்த தோற்றம், மரங்களோ பக்கவாட்டில் பார்த்த தோற்றம். இரண்டையும் ஒரே தரையில் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொறுமையாகப் பாருங்கள். எந்தெந்த இலைகள் நீலமாகிவிட்டன என்பதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்