பி.காம். ஓராண்டை மறைக்கலாமா?

கேள்வி: என் மகள் இங்கே பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரியில் பி.காம். முதலாண்டு முடித்தாள். இப்போது கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுக் கல்லூரி) படிக்கிறாள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹாஸ் பிசினஸ் ஸ்கூலுக்கு மாற ஆசைப்படுகிறாள். சேலத்தில் வாங்கிய மார்க் குறைவு. அதைச் சொல்லாமல் விடலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: விடவே கூடாதம்மா. படித்த கல்லூரி ஒவ்வொன்றையும் விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் ரத்தாகும். மார்க் ஷீட்டுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

மார்க்கைவிட, பாடங்களை எடுக்கும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட்) தேவை. ஆனால் எந்த 60 என்பதே முக்கியம். கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம், ஆங்கிலக் கட்டுரை ஆகிய பாடங்களை, பெர்க்லியில் சேர்வதற்கு முந்தைய வசந்தகால செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். கால்குலஸ் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது எடுக்க முடியும். அதற்கு முந்தைய கணக்குப் பாடத்தில் தொடங்குபவருக்கு ஒரு செமஸ்டர் அங்கேயே போய்விடும். காலேஜின் எந்தப் பாடம் பெர்க்லியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் பார்த்துவிட்டே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது அக்டோபரில் தொடங்கும். நவம்பர் இறுதிவரை தள்ளிப்போட வேண்டாம். ஜனவரியில் புதிய மார்க்குகளைச் சேர்க்க மறப்பவர்கள் உண்டு, கவனம். 'டாக்' எனப்படும் உறுதி இடத் திட்டம் பெர்க்லிக்குக் கிடையாது. அதனால் அந்தத் திட்டம் உள்ள டேவிஸ், இர்வைன் போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களில் எந்தப் படிப்புக்குப் பொருந்தும் என்று பார்த்து, ஒன்றுக்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்கட்டும்.

மாணவர் விசா என்றால் செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. இடம் கிடைத்ததும் 'செவிஸ்' (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) பதிவைப் புதிய கல்வி நிறுவனத்துக்கு மாற்றி, அங்கிருந்து புதிய ஐ-20 (மாணவர் விசாவுக்கான சான்றுப் படிவம்) வாங்க வேண்டும்.