38 அளவில் வெட்டிய ஆறு பிளவுஸ்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

வீட்டில் தைக்க ஆரம்பித்து இந்த ஆவணியோடு ஒரு வருஷம் ஆகிறது. கணக்குப் பார்த்தேன். நைட்டி ஒன்பது, சுடிதார் டாப் ஐந்து, மகளுக்குப் பாவாடை மூன்று, பிளவுஸ் ஆறு, ஆக மொத்தம் 23. நைட்டியெல்லாம் அருமையாக வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் பிளவுஸ் ஆறில் ஒன்றைத்தான் போட முடிகிறது. கழுத்து தோளிலிருந்து வழுகுகிறது, முன்னால் கொக்கிக்கு நடுவில் வாய் பிளக்கிறது, கையைத் தூக்கினால் பிளவுஸே மேலே ஏறுகிறது. மார்பு 38 இஞ்ச், மேல் மார்பு (அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே எடுத்த சுற்றளவு) 34. யூடியூபில் 38க்குச் சொன்ன கணக்குப்படிதான் வெட்டினேன், தோள் 15. கைக்குழி பிடித்ததால் 6 இஞ்சிலிருந்து 7க்கு இறக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது.

ஓணத்துக்குக் குத்தாம்புள்ளிக் கைத்தறித் துணியில் மகளுக்குத் தைத்த கசவுப் பாவாடை ஒரே துவையலில் சுருங்கி, லைனிங் ஒரு இஞ்ச் வெளியே தெரிகிறது. கசவுக்கரை (ஜரிகைக் கரை) அலை அலையாக நிற்கிறது. மெல்லிய பருத்தியான மல் துணியில் தைத்தால் சுருக்கம் விழுகிறது, அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறது. மார்கழிக் காற்று வந்ததும் மெஷினும் இறுகிப்போகிறது, தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கினால் தையல் தேறுமா?

– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

வணக்கம்மா,

உங்கள் தையல் தேறிவிட்டது. தேறாதது அளவு. நைட்டியில் உடம்பைவிட ஏழெட்டு இஞ்ச் கூடுதலாகத் துணி நிற்கும், தோள் அரை இஞ்ச் இறங்கினாலும் யாருக்கும் தெரியாது. பிளவுஸில் மொத்தமாகவே ஒரு இஞ்ச்தான் தளர்வு. நைட்டியில் ஒளிந்துகொண்ட அதே பிழைதான் பிளவுஸில் வெளியே வருகிறது. அதனால் அந்த ஒன்பதை விட்டுவிட்டு, பெட்டியில் கிடக்கும் ஐந்து பிளவுஸை எடுத்து வைத்துப் பாருங்கள். இந்த வருஷத்துப் பாடம் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்ன குறைகளில் முதல் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 38ஐ நான்காகப் பிரித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்பதரை ஒன்பதரை வைத்திருப்பீர்கள். மேல் மார்பு 34 உள்ளவருக்கு முதுகும் தோளும் 34 அளவுக்காரருடையவை, கூடுதல் நாலு இஞ்சும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பிளவுஸில் முதுகு தேவைக்கு மேல் இரண்டு இஞ்ச் அகலம், முன்பக்கம் அதே இரண்டு இஞ்ச் குறைவு. முதுகு அகலமானதால் கழுத்து தோளைவிட்டு வழுகுகிறது. முன்னால் துணி போதாமல் கொக்கி வாய் பிளக்கிறது. மேல் மார்புக்கும் மார்புக்கும் வித்தியாசம் இரண்டு இஞ்சுக்குள் இருப்பவர்களுக்கு யூடியூப் கணக்கு ஒத்துவரும். உங்களுக்கு வராது.

வெட்ட வேண்டிய கணக்கு இது. பின்பக்கம் 34ல் கால் பங்கு எட்டரை, தளர்வு கால் இஞ்ச், ஆக எட்டேமுக்கால். முன்பக்கத்துக்கு 38லிருந்து பின்பக்கத்தின் இரண்டு எட்டரையை, அதாவது 17ஐக் கழித்தால் 21, அதில் பாதி பத்தரை, தளர்வு கால் இஞ்ச், ஆக பத்தேமுக்கால். சுற்றிவர 39 வரும், அந்த ஒரு இஞ்ச் மூச்சு விடுவதற்கு. பக்கத் தையலில் உள்ளே விடும் துணி ஒன்றரை இஞ்ச் இதற்கு மேல். தோளையும் கழுத்து அகலத்தையும் 34 கணக்கிலேயே போடுங்கள். தோளை யாராவது ஒருவர் எலும்பு முனையிலிருந்து எலும்பு முனைவரை முதுகுப்பக்கமாக அளக்கட்டும், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே அளந்தால் தப்பாகும்.

முன்பக்கத்தில் கூடிய அகலம் கீழே டாட்டில் (துணியை முனை கூராக மடித்துப் பிடிக்கும் தையலில்) போய் அடங்க வேண்டும். நீங்கள் அரை இஞ்ச் பிடித்திருந்தால் அந்த டாட் இப்போது ஒன்றரைவரை போகும். அதற்கும் மேல் வந்தால் ஒரே டாட்டில் பிடிக்காதீர்கள், கூம்பு மாதிரி நிற்கும். மீதியைப் பக்கத்தையலிலிருந்து வரும் டாட்டுக்குக் கொடுங்கள். பக்க டாட் எத்தனை இஞ்ச் பிடிக்கிறீர்களோ, வெட்டும்போதே முன்துண்டின் பக்க ஓரத்தை அத்தனை நீளம் கூட்டி வெட்ட வேண்டும். மறந்தால் முன்னும் பின்னும் பக்கத்தில் ஒட்டாது. டாட்டின் முனை மார்பு முனைக்கு முக்கால் இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

இனி கைக்குழி. பிடிக்கிறது என்றதும் எல்லோரும் கீழே இறக்குகிறார்கள், அது தலைகீழ் வைத்தியம். குழி அக்குளைவிட்டு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு கை பிளவுஸின் பக்கத்தோடு கட்டுண்டு போகும், கையைத் தூக்கும்போது பக்கத் துணி முழுவதும் கூடவே ஏறும். அக்குளுக்கு நெருக்கமாகக் குழி இருந்தால்தான் கை தனியாக அசையும். ஒரு ஸ்கேலை அக்குளில் கிடையாக இடுக்கிக்கொண்டு, தோள் முனையிலிருந்து ஸ்கேலின் மேல் விளிம்புவரை நேராக அளந்து, அதோடு அரை இஞ்ச் மட்டும் கூட்டுங்கள். உங்களுக்குப் பழைய 6க்குப் பக்கத்தில்தான் வரும்.

6ல் ஏன் பிடித்தது? முன்துண்டின் வளைவு போதாததால். பின் வளைவைவிட முன் வளைவு அரை இஞ்ச் உள்ளே குடைந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் முன்னால் துணி மடிந்து அக்குளில் குத்தும், அதைத்தான் குழி சிறியது என்று நினைத்திருக்கிறீர்கள். கையின் வளைவையும் டேப்பை நிமிர்த்தி ஓட்டி அளந்து பாருங்கள். குழி பதினாறரை என்றால் கை வளைவு பதினேழு இருக்கலாம், பதினெட்டு வந்தால் தோளில் சுருக்கம் விழும். கையின் மேல்மேடு அதிக உயரமாக இருந்தாலும் கை தூக்க முடியாது. மேட்டை அரை இஞ்ச் குறைத்து, வளைவின் நீளம் மாறாதபடி கையின் அகலத்தைக் கூட்டுங்கள்.

அளவு பிளவுஸை வைத்து வரைகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பலமுறை துவைத்த பிளவுஸின் கழுத்து இழுபட்டிருக்கும், அந்த இழுவையும் சேர்ந்து புதுத் துணிக்கு வந்துவிடும்.

புது அளவை நல்ல துணியில் சோதிக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் பழைய முண்டுக்கா பஞ்சம்? கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொண்டால் சோதனை பிளவுஸுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. கஞ்சி இல்லாமல் வெட்டினால் பழந்துணி இழுபட்டு அளவு பொய் சொல்லும். கொக்கி, பைப்பிங் எதுவும் வேண்டாம், முன்னால் பின் குத்திப் போட்டுப் பாருங்கள். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது பிளவுஸ் மூன்றும் ஒரே மாதிரிதான் தைக்க வேண்டும். ஆறு பிளவுஸும் ஆறு மாடல் என்றால் எந்தத் திருத்தம் பலித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பெட்டியில் இருக்கும் ஐந்தில் குழி இறங்கியவற்றைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அக்குளிலிருந்து பக்கத்தையலில் 3 இஞ்ச், கைத்தையலில் 3 இஞ்ச் பிரியுங்கள். மீந்த துணியில் 4 இஞ்ச் சதுரம் ஒன்றைக் கிராஸாக (இழைக்குக் கோணலாக) வெட்டி, அரை இஞ்ச் உள்பிடித்து, நான்கு பக்கமும் வைத்துத் தையுங்கள். சதுரத்தின் இரண்டு முனை பிரிப்பின் இரு கோடியிலும், மற்ற இரண்டு முனை முன்னும் பின்னும் கைக்குழித் தையலிலும் போய் உட்கார வேண்டும். கழுத்து வழுகுவதற்கு, பின்கழுத்தில் தோளுக்கு இரண்டு இஞ்ச் கீழே ஒரு கயிறு கட்டினால் ஓரளவு நிற்கும். கொக்கி வாய் பிளப்பதைப் பக்கத்தில் விட்ட துணியைப் பிரித்துக் குறைக்கலாம், ஆனால் துணி இல்லாத இடம் முன்பக்கம் என்பதால் முழுசாகச் சரியாகாது.

அடுத்து, கசவுப் பாவாடை. புதுக் கைத்தறித் துணி கஞ்சியோடு வருகிறது, முதல் துவையலில் பருத்தி சுருங்கும். இப்போது சாதாரண விலையில் கிடைக்கும் கசவில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த ஜரிகைதான், அது சுருங்காது. சுருங்கும் துணியோடு சுருங்காத கரை சேர்ந்திருந்தால் அலை வராமல் எப்படி இருக்கும்? லைனிங்கும் அதே கதைதான். நீங்கள் போட்டது கலப்புத் துணியாக இருந்திருக்கும், அதனால் அது அப்படியே நின்றுவிட்டது. பட்டு பிளவுஸுக்குப் பருத்தி லைனிங் வைத்தால் இதுவே மறுபுறமாக நடக்கும், உள்ளே சுருங்கி வெளித்துணி கொப்பளிக்கும்.

வெட்டுவதற்கு முன் துணியையும் லைனிங்கையும் தனித்தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் மீதி இருக்கும்போதே கரையைக் கையால் இழுத்துவிட்டு, பின்பக்கத்தில் ஒரு துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். ஜரிகைமேல் நேரடியாகச் சூடு பட்டால் இளகிவிடும். எவ்வளவு சுருங்கும் என்று முன்பே தெரிய வேண்டுமானால் துணியின் ஓரத்தில் 20 சென்டிமீட்டர் சதுரம் கோடு போட்டு நனைத்துப் பாருங்கள். 19 ஆனால் நூற்றுக்கு ஐந்து.

இருக்கிற பாவாடைக்கு லைனிங்கில் அரை இஞ்ச் ஆழத்துக்கு இரண்டு டக் (கிடையாக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடியுங்கள், ஒரு டக்குக்கு ஒரு இஞ்ச் ஏறும். மகள் வளரும்போது ஒன்றைப் பிரித்துவிட்டு, இடுப்பில் ஒரு பாடி (கையில்லாத மேலுடல் துண்டு) வைத்து மேல் துணியையும் இறக்கிக்கொள்ளலாம். கரையில் மடிப்பு இல்லாததால் கீழே அவிழ்க்க ஒன்றும் கிடையாது.

மல் துணிக்கு 11 நம்பர் ஊசி போடுங்கள், மெஷினில் இருப்பது 16 ஆக இருக்கும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர், மேல் நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்தபடி ஓட்டுங்கள். ஊசியின் நீளப்பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். அடியில் நூல் கொத்தினால் எல்லோரும் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைத் திட்டுகிறார்கள், பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல்தான். துணியை அழுத்தும் மெஷின் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் நூல் இறங்காது. காலைத் தூக்கிக் கோர்த்து, முதல் நாலு தையல் வரை இரண்டு நூல் நுனியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு ஒரு வெட்டு வெட்டினால் ஒன்றிரண்டு இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று போனால் தளர்வு, அசையவில்லையென்றால் இறுக்கம்.

தேங்காய் எண்ணெயை இனி மெஷின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மார்கழி ராத்திரியில் உங்கள் ஊரில் அந்தக் குளிர் தாராளமாக வரும். உறையாத நாளிலும் பஞ்சோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். எண்ணெய்க் குழிகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோர்க்காமல் ஐந்து நிமிஷம் ஓட்டி, வெளியே வரும் கறுப்பைத் துடைத்தபின் மெஷின் எண்ணெய் விடுங்கள். பாபின் கேஸ் உட்காரும் ஷட்டிலைச் சுற்றி இருக்கும் பஞ்சையும் எடுங்கள்.

ஓவர்லாக் இப்போது வேண்டாம். மாதம் இரண்டு துணிக்கு அது இடத்தைத்தான் அடைக்கும். இழை பிரியும் கைத்தறிக்கு பிரெஞ்ச் தையல் போதும். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்துக் கால் இஞ்சில் ஒரு தையல், ஓரத்தை அதில் பாதியாக நறுக்கி, திருப்பி, உள்பக்கம் ஒரு தையல். மொத்தம் முக்கால் இஞ்ச் விட்டு வெட்டினால் தாராளம். கைக்குழி வளைவுக்கு மட்டும் இது ஒத்துவராது, அங்கே கிராஸ் பீஸ் வைத்து மூடுங்கள்.

சோதனை பிளவுஸ் தைத்ததும் படம் அனுப்புங்கள். கை இரண்டையும் தலைக்குமேல் தூக்கி நிற்கும் படமும் ஒன்று வேண்டும், கையைத் தொங்கவிட்டால் எந்த பிளவுஸும் நன்றாகத்தான் இருக்கும்.