தானாகப் புதுப்பிக்கும் என்று சொன்ன எஸ்எஸ்எல் சான்றிதழ் 90 நாளில் காலாவதியானது ஏன்?

கேள்வி இதுதான்: உபுண்டு சர்வரில் லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு) சான்றிதழ் போட்டாயிற்று, அதை வாங்கித் தரும் செர்ட்பாட் என்ற நிரல் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்றார்கள், ஆனாலும் மூன்று மாதம் முடிந்ததும் பிரவுசர் எச்சரிக்கை காட்டுகிறது. காரணம் என்ன, இனி எப்படிக் கண்காணிப்பது?

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), அதில் வெப் சர்வர் மென்பொருளாக என்ஜின்எக்ஸ், அமைத்துக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 90 நாள் சான்றிதழில் 30 நாள் மிச்சமிருக்கும்போதே செர்ட்பாட் புதுப்பிக்கத் தொடங்கிவிடும். உபுண்டுவில் அதன் டைமர் நாளுக்கு 2 முறை ஓடும். ஆக, உங்கள் தளம் எச்சரிக்கை காட்டுவதற்கு முன் ஏறக்குறைய 60 முயற்சிகள் நடக்காமலோ தோற்றோ போயிருக்க வேண்டும். இல்லையென்றால், முதல் முயற்சியே வெற்றி பெற்று, அந்தப் புதிய சான்றிதழ் என்ஜின்எக்ஸ் கைக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். பதற்றத்தில் லெட்ஸ் என்க்ரிப்ட் கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி மறுபடி சான்றிதழ் கேட்பவர்கள் நிறையப் பேர். அதே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள். அதைத் தாண்டினால் அடுத்த ஒன்றுக்கு 34 மணி நேரம் வரை காத்திருக்க நேரும். அதுவரை தளம் அப்படியே கிடக்கும்.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு தேதிகளை ஒப்பிட்டால் போதும். 'செர்ட்பாட் சர்ட்டிஃபிகேட்ஸ்' என்று அடித்தால் வட்டில் இருக்கும் கோப்பின் காலாவதித் தேதி வரும். 'ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையண்ட்' கொண்டு 443 போர்ட்டில் உங்கள் தளத்தோடு இணைந்து, வெளியீட்டை 'எக்ஸ்509 நோஅவுட் எண்ட்டேட்' பக்கம் பைப் செய்தால், வருகிறவர்களுக்கு உண்மையில் எந்தச் சான்றிதழ் போகிறது என்று தெரியும். 'சர்வர்நேம்' என்ற விருப்பத்தில் டொமைன் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். ஒரே ஐபியில் பல தளங்கள் இருந்தால் அது இல்லாமல் வேறொன்றின் சான்றிதழ் வந்து குழப்பும்.

கோப்பு புதியது, போர்ட்டில் வருவது பழையது என்றால் நோய் தெளிவு. என்ஜின்எக்ஸ் சான்றிதழை எழும்போது ஒரு முறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வட்டில் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. யாராவது ரீலோட் செய்தால்தான் மறுபடி படிக்கும். செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் இணைப்பு வழியாக அமைத்திருந்தால் ரீலோட்டை அதுவே செய்துவிடும். 'செர்ட்ஒன்லி' (சான்றிதழை மட்டும் வாங்கு) போட்டு வெப்ரூட் முறையில் (தளத்தின் கோப்புறையில் சோதனைக் கோப்பு வைத்து) வாங்கியிருந்தால் செய்யாது. தீர்வு: லெட்ஸ் என்க்ரிப்ட் கோப்புறைக்குள் 'ரினியூவல்-ஹூக்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதற்குள் 'டிப்ளாய்'. புதுப்பித்தல் வெற்றி பெற்றதும் இங்கே இருப்பதை செர்ட்பாட் ஓட்டும், அதைத்தான் ஹூக் என்பார்கள். அங்கே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள். முதல் வரியில் 'என்ஜின்எக்ஸ் -டி' கொண்டு கான்ஃபிக் பிழையில்லை என்று சோதித்து, அது சரியானால் மட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்'. இயக்கும் அனுமதி கொடுக்க மறந்தால் அந்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது, புகாரும் வராது.

இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். 'ரினியூ டிரை-ரன்' வெற்றி என்று வந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஒத்திகை, டிப்ளாய் ஹூக்கைத் தானாக ஓட்டாது. சான்றிதழ் வாங்க முடியும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. புதிய பதிப்புகளில் ஹூக்கையும் ஓட்டச் சொல்லும் விருப்பம் உண்டு, அதைச் சேர்த்து ஓட்டுங்கள். பழைய பதிப்பென்றால் ஸ்கிரிப்டைக் கையால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அதே சான்றிதழை மெயில் சர்வர்களான போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் பயன்படுத்தினால் அவற்றையும் ரீலோட் செய்ய வேண்டும். வெப்சைட் பச்சையாக இருக்க, 993 போர்ட்டில் மெயில் மட்டும் சாவது இதனால்தான். ஹெச்ஏபிராக்ஸி (வரும் இணைப்புகளைப் பிரித்தனுப்பும் மென்பொருள்) என்றால் வழக்கமாக முழுச் சங்கிலியையும் தனிச் சாவியையும் ஒரே கோப்பாக ஒட்டி வைத்திருப்பார்கள். ஒட்டும் வேலையும் ஹூக்கில் இருக்க வேண்டும்.

கோப்பே பழையது என்றால் கதை வேறு. 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' அடித்து செர்ட்பாட் டைமர் கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். ஓடியிருந்தால், வார் கோப்புறையின் லாக் பகுதியில் லெட்ஸ்என்க்ரிப்ட் லாகைத் திறந்தால் காரணம் எழுதியிருக்கும். அடிக்கடி வருபவற்றில் முதல் இடம் கையால் வாங்கிய வைல்டுகார்டு (எல்லாத் துணை டொமைன்களுக்கும் பொதுவான) சான்றிதழுக்கு. 'மேனுவல்' முறையில், டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் பதிவேடு) ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவைக் கையால் போட்டு வாங்கியதை செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கவே முடியாது. அடுத்த முறை வேறு டிஎக்ஸ்டி மதிப்பு கேட்பார்கள், அதைப் போட ஆள் வேண்டும். ஏராளமான வழிகாட்டிகள் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடுகின்றன. டிஎன்எஸ் வழங்குநருக்கு உரிய செருகுநிரலும் ஏபிஐ டோக்கனும் போட்டால்தான் அது தானியங்கி. அந்த டோக்கனுக்கும் காலாவதி இருக்கலாம், அதையும் குறித்து வையுங்கள்.

அடுத்து 80 போர்ட். 'எல்லாம் ஹெச்டிடிபிஎஸ்தானே' என்று ஃபயர்வாலில் 80ஐ மூடியவுடன் ஹெச்டிடிபி-01 சோதனை (டொமைன் உங்களுடையதுதானா என்று லெட்ஸ் என்க்ரிப்ட் 80 போர்ட் வழியாகப் பார்ப்பது) சாகும். 80இலிருந்து 443க்குத் திருப்பி விடுவதில் பிழையில்லை. சோதிக்கும் சர்வர் திருப்பத்தைப் பின்தொடரும், அங்கே சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் பொருட்படுத்தாது. இந்திய ஐபிகளுக்கு மட்டும் அனுமதி என்று வைத்திருந்தாலும் தோற்கும், ஏனென்றால் உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சோதிக்கிறார்கள். இன்னொன்று, ஐபிவி6. சர்வரை மாற்றியபோது டிஎன்எஸ்ஸில் ஐபிவி4க்கான 'ஏ' பதிவைத் திருத்திவிட்டு ஐபிவி6க்கான நான்கு-ஏ (ஏஏஏஏ) பதிவைப் பழைய முகவரியிலேயே விட்டிருப்பீர்கள். சோதனை ஐபிவி6ஐத்தான் முதலில் தேடிப்போகும். பழைய சர்வர் 404 கொடுத்து அனுப்பும்.

காரணத்தைத் திருத்தியதும் முதலில் டிரை-ரன், பிறகு நிஜம். டிரை-ரன் சோதனைச் சூழலில் ஓடுவதால் நிஜ வரம்பைத் தின்னாது. நிஜச் சூழலில் ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விதான் பொறுப்பார்கள்.

இனி கண்காணிப்பு. இதற்கு முன்பு காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்டே மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூன் 4ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். 'மெயில் வரவில்லை, எனவே பிரச்சினை இல்லை' என்று இன்னும் நம்பியிருப்பவர்களுக்காகவே இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விதி ஒன்றுதான்: கோப்பைக் கண்காணிக்காதீர்கள், போர்ட்டைக் கண்காணியுங்கள். அதுவும் வேறொரு இயந்திரத்திலிருந்து. நாளுக்கு ஒரு முறை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) மேலே சொன்ன எஸ்-கிளையண்ட் கட்டளையை ஓட்டி, எக்ஸ்509 பக்கம் 'செக்எண்ட் 1728000' கொடுங்கள். அது 20 நாளின் விநாடிகள். அதற்குள் காலாவதியானால் எக்ஸிட் கோட் 1 வரும், உடனே மெயிலோ டெலிகிராம் செய்தியோ போகட்டும். 864000 கொடுத்தால் 10 நாள். அதற்கு ஃபோன் அலறட்டும். எஸ்-கிளையண்டுக்கு உள்ளீடாக டெவ்-நல்லை (வெற்று உள்ளீடு) கொடுக்க மறந்தால் கட்டளை முடியாமல் தொங்கும். ப்ரோமீத்தியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் இதே வேலையைச் செய்யும்.

செக்எண்ட் தேதியை மட்டுமே பார்க்கும். பெயர் பொருந்துகிறதா, சங்கிலி முழுமையா என்று பார்க்காது. அதனால் கர்ல் (இணையப் பக்கத்தை எடுக்கும் கட்டளை) கொண்டும் ஒரு முறை தளத்தைத் தொடச் சொல்லுங்கள். சான்றிதழில் கோளாறென்றால் எக்ஸிட் கோட் 60. என்ஜின்எக்ஸில் 'ஃபுல்செயின்' (இடைச் சான்றிதழும் சேர்ந்த) கோப்புக்குப் பதில் உங்கள் சான்றிதழ் மட்டும் உள்ள 'செர்ட்' கோப்பைக் காட்டியிருந்தால், டெஸ்க்டாப் குரோம் இடைச் சான்றிதழைத் தானே தேடி எடுத்துக்கொண்டு பச்சையாகக் காட்டும். ஆண்ட்ராய்டு செயலியும் கர்லும் மறுத்துவிடும். தேதியை மட்டும் பார்க்கும் சோதனையால் இதைப் பிடிக்க முடியாது.

கர்ல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சான்றிதழ்ப் பிழை என்று யார் எங்கே கேட்டாலும் 'மைனஸ் கே போடு', பைத்தானில் 'வெரிஃபை ஃபால்ஸ் கொடு' என்று பதில் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சான்றிதழைச் சோதிக்காதே என்றுதான் பொருள். கேட்டவர் அதைப் பேமெண்ட் கோடில் ஒட்டிவிட்டுப் போகிறார், அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. நடுவில் யார் நின்று படித்தாலும் அந்த கோடுக்குத் தெரியாது. பூட்டு திறக்கவில்லை என்றவரிடம் கதவைக் கழற்றச் சொல்வது போன்றது இது. தயவுசெய்து அப்படிப் பதில் எழுதாதீர்கள்.

கேடி என்ற வெப் சர்வருக்கு மாறினால் இந்தத் தலைவலியே இல்லை என்று கீழே யாராவது எழுதுவார்கள். கேடி நல்ல மென்பொருள், ரீலோட் சிக்கல் அதில் இல்லை. ஆனால் போர்ட் மூடியிருந்தாலோ நான்கு-ஏ பதிவு தவறினாலோ கேடியும் தோற்கும்; கண்காணிப்பு அங்கேயும் வேண்டும். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் (வருகைகளை வாங்கி உங்கள் சர்வருக்கு அனுப்பும் சேவை) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: வெளியிலிருந்து பார்த்தால் கிளவுட்ஃபிளேரின் சான்றிதழ்தான் தெரியும். உங்கள் சர்வரின் சான்றிதழ் செத்தால், ஸ்ட்ரிக்ட் முறையில் (உங்கள் சர்வரின் சான்றிதழையும் அது சோதிக்கும் அமைப்பு) 526 பிழையாகத்தான் வெளிப்படும். சர்வர் ஐபியோடு நேரடியாக இணைந்து, சர்வர்நேமில் டொமைனைக் கொடுத்துச் சோதியுங்கள். இதெல்லாம் சின்னவர்களின் கவனக்குறைவு என்றும் சொல்ல வேண்டாம். 2020 பிப்ரவரி 3இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதற்குக் காரணம் காலாவதியான ஒரு சான்றிதழ்தான்.

20 நாள் என்ற எல்லை நிரந்தரமல்ல. சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானப்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். உதாரணமாக, 45 நாள் சான்றிதழ், மூன்றில் ஒரு பங்கான 15 நாள் மிச்சமிருக்கும்போதுதான் புதுப்பிக்கப்படும். அப்போது 20 நாள் எச்சரிக்கை ஒவ்வொரு சுற்றிலும் வீணாக அலறும், ஒரு கட்டத்தில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். எல்லையை நாளாக வைக்காமல் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழைக் கையால் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே ஆக்மி முறைக்கு (செர்ட்பாட் போன்றவை தானாகச் சான்றிதழ் வாங்கும் நெறிமுறை) மாறத் தொடங்குவது நல்லது.

கண்காணிக்கும் ஸ்கிரிப்டே செத்துப்போனால் அதன் மௌனமும் 'எல்லாம் சரி' போலத்தான் இருக்கும். எனவே வாரம் ஒரு முறை, திங்கள் காலை என்று வையுங்கள், ஒவ்வொரு டொமைனுக்கும் எத்தனை நாள் மிச்சம் என்று ஒரு செய்தி வரச்செய்யுங்கள். வராத திங்களில் போய்ப் பாருங்கள். தேதிகளைப் படிக்கும்போது, சான்றிதழில் எழுதியிருப்பது கிரீன்விச் நேரம். இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.